பழைய பெட்ரோல் காரில் எரிபொருள் அழுத்தம் குறைந்தால்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

"பெட்ரோல் பம்ப் போய்விட்டது" என்ற தீர்ப்போடுதான் பல பழைய கார்கள் கடலூர் முதுநகரில் உள்ள என் பட்டறைக்கு வருகின்றன. சோதித்துப் பார்த்தால் பம்ப் நன்றாகவே இருக்கும். பச்சைபிடித்த எர்த் ஒயர், ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஃபில்டர், டேங்கிற்குள் வெடித்துப்போன ஒரு சாண் ஹோஸ், இவற்றில் ஏதோ ஒன்றுதான் வண்டியை நிறுத்தியிருக்கும். சிலர் வழியில் எங்கேயோ புதுப் பம்ப் போட்டு, காசையும் இழந்து, அதே கோளாறோடு வந்து நிற்பார்கள். அதைப் பார்க்கும்போது மனம் வருந்துகிறது.

தொழில் பழக வருகிற பிள்ளைகளும் இதே இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். அளப்பதற்கு முன்பே கழற்றத் தொடங்கிவிடுகிறார்கள். மின்சாரம், அழுத்தம், அழுத்தம் தாங்கும் நேரம், பெட்ரோல் ஓட்டத்தின் அளவு ஆகிய நான்கையும் அளந்து முடிக்கும்வரை எந்த உதிரிபாகமும் வாங்க வேண்டாம் என்பதுதான் அவர்களுக்கு நான் முதல் நாளே சொல்வது.

இந்த வழிகாட்டி, டேங்கிற்குள் மின்பம்ப் உள்ள எம்பிஎஃப்ஐ பெட்ரோல் கார்களுக்கு உரியது, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் பெட்ரோலைத் தூவ ஒரு தனி இன்ஜெக்டர் உள்ளவை. கார்புரேட்டர் வண்டிகளில் அழுத்தம் 0.2 முதல் 0.3 பார் (அழுத்தத்தின் அலகு) அளவே இருக்கும். இங்கே தரும் எண்கள் அவற்றுக்குப் பொருந்தா. காமன்ரெயில் டீசல் வண்டியில் இந்த முறையைக் கையாளவே கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும். நூலிழைபோல் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும்.

1. எந்த வகை இழப்பு என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

அழுத்தம் மூன்று விதமாகக் குறையும். ஒவ்வொன்றுக்கும் தேட வேண்டிய இடம் வேறு.

முதல் வகையில் அழுத்தம் உருவாவதே இல்லை. செல்ஃப் அடிக்கிறது, இஞ்சின் பிடிப்பதில்லை. இதில் முதல் சந்தேகம் மின்சாரத்தின் மீதே இருக்க வேண்டும்.

இரண்டாம் வகையில் ஐட்லிங் சீராக இருக்கும். சுமை ஏறும்போது அழுத்தம் விழும். நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஏசி போட்டு, சிதம்பரம் சாலையில் ஒரு லாரியை முந்தப் போனால் வண்டி வெட்டி வெட்டி இழுக்கும். ஐட்லிங்கில் இஞ்சினுக்குச் சிறிதளவு பெட்ரோலே போதும். அதனால் நோயுள்ள பம்பும் அடைத்த ஃபில்டரும் அங்கே தப்பித்துக்கொள்ளும்.

மூன்றாம் வகையில் அழுத்தம் வருகிறது, தங்குவதில்லை. இரவு நிறுத்திய வண்டி காலையில் ஏழெட்டு விநாடி செல்ஃப் அடித்த பிறகே கிளம்பும். அதன்பின் நாள் முழுவதும் தொல்லை தராது.

இந்த மூன்றாம் வகையை உறுதிப்படுத்தக் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. காலையில் செல்ஃப் அடிக்காமல் சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி மூன்று விநாடி பொறுத்து அணையுங்கள். இப்படி மூன்று முறை செய்துவிட்டு, பிறகு செல்ஃப் அடியுங்கள். உடனே கிளம்பினால், இரவில் எங்கோ அழுத்தம் கசிந்து இறங்கியிருக்கிறது. ஒவ்வொரு முறை சாவி திருப்பும்போதும் பம்ப் ஏறக்குறைய இரண்டு விநாடி ஓடிக் குழாயை நிரப்பிவிடுவதால்தான் இப்படி நடக்கிறது.

வெயிலில் ஒரு மணி நேரம் ஓடியபின் நின்று, இருபது நிமிடம் ஆறினால் கிளம்புகிற வண்டியும் உண்டு. அதில் சூடேறிய பம்ப் மோட்டாரையும், பம்புக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் ஸ்விட்சான ரிலேவின் உள்ளே விரிசல்விட்ட ஈயப்பற்றையும் சேர்த்துச் சந்தேகியுங்கள்.

2. கருவிகளும் இடமும்

வேலை செய்யும் இடம் வெட்டவெளியாக இருக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, பள்ளத்திலும் பட்டறைக் குழியிலும் தேங்கும். பத்தடி தள்ளி எரியும் விளக்குக்குக்கூட அது போய்ச் சேரும். ஆகவே குழியின் மேல் வண்டியை நிறுத்தி இந்த வேலையைச் செய்யாதீர்கள். பழைய குமிழ் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போகாதீர்கள். அது உடைந்தால் அந்தப் பொறியே போதும். உலர்தூள் தீயணைப்பான் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். காரின் பின்னிருக்கையில் வைத்துவிட்டு மறந்துபோவதை நான் பார்த்திருக்கிறேன்.

தேவையானவை: 0 முதல் 7 பார் வரை காட்டும் எரிபொருள் அழுத்த கேஜ், டி வடிவ இணைப்புத் துண்டுகளோடு. மல்டிமீட்டர். 15 ஆம்பியர் ஃப்யூஸ் பொருத்திய ஒரு ஜம்பர் ஒயர். ஹோஸைக் காயப்படுத்தாமல் நெரிக்கும் வழுவழுப்பான பிடிப்பான்கள் இரண்டு. ஒரு லிட்டர் அளவு குறித்த, பெட்ரோல் தாங்கும் கலன். கண்ணாடி, கையுறை. புதிய கிளிப்புகள், ஓ-ரிங்குகள், போல்ட் வகை இணைப்பாக இருந்தால் புதிய செப்பு வாஷர்கள்.

இவற்றோடு உங்கள் மாடலுக்குரிய சர்வீஸ் கையேட்டின் எண்ணும் வேண்டும். பல கார்களில் அது 3 பாரை ஒட்டி இருக்கும். ஆனால் ஒற்றை இன்ஜெக்டர் வண்டிகளில் 1 பார் அளவுதான். பக்கத்து வண்டியின் எண்ணை வைத்து உங்கள் பம்பைக் குற்றம் சொல்லிவிடக் கூடாது.

டேங்கில் கால் பங்கு பெட்ரோல் இருப்பது நல்லது. சோதனைக்கு அது போதும். டேங்கை இறக்க நேர்ந்தாலும் சுமை தெரியாது. மீட்டர் முள்ளை நம்பாதீர்கள். பழைய வண்டியில் மிதவை சிக்கிக்கொண்டு, காலியான டேங்கையும் கால் பங்கு என்று காட்டும். ஐயமிருந்தால் ஐந்து லிட்டர் ஊற்றிவிட்டுத் தொடங்குங்கள்.

3. காதும் மூக்கும்

ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் பெட்ரோல் ஊற்றும் வாயருகே காதை வைத்துக் கேட்க வேண்டும். இரண்டு விநாடி மெல்லிய ரீங்காரம் வந்து நிற்கும். வந்தால் மோட்டார் சுழல்கிறது என்று மட்டும் பொருள். அழுத்தம் இருக்கிறது என்று பொருளாகாது. புதியவர்கள் இந்தச் சத்தத்தைக் கேட்டதும் பம்பை ஒதுக்கிவிட்டு இன்ஜெக்டருக்குத் தாவுகிறார்கள்.

சத்தம் கீச்சென்று ஏறியிருந்தால் பம்ப் உறிஞ்சத் திணறுகிறது. அது உறிஞ்சும் வாயிலுள்ள சல்லடையில் அடைப்பு இருக்கலாம். பிறகு வண்டிக்கு அடியில் குழாய் முழுவதையும் கண்ணால் தடவிப் பாருங்கள். ஈரம், கறை, வாடை எதுவும் இருக்கக் கூடாது. கடற்கரையோரம் நிற்கும் வண்டிகளில் இரும்புக் குழாயைப் பிடித்திருக்கும் கிளிப்புகளுக்கு அடியில்தான் துரு முதலில் தின்னும். அங்கே உப்பீரம் காயாமல் தங்கும்.

4. மின்சாரத்தை ஓடும் பம்பில் அளக்க வேண்டும்

இந்தப் படியில் நேரம் செலவிடத் தயங்காதீர்கள். தேவனாம்பட்டினம், முதுநகர், அரியாங்குப்பம், வைத்திக்குப்பம் பக்கத்து வண்டிகளில் கடற்காற்று முதலில் கெடுப்பது ஒயரைத்தான்.

முதலில் ஃப்யூஸ். கண்ணால் பார்த்தால் போதாது. இரு முனையிலும் மீட்டர் வைத்துப் பாருங்கள். அடுத்து ரிலே. அதே பெட்டியில் அதே எண்ணுள்ள வேறொரு ரிலே இருந்தால் மாற்றிப் போட்டுப் பாருங்கள். ரிலேவின் காலும் அது உட்காரும் குழியும் கருகியிருந்தால் ரிலேவை மட்டும் மாற்றிப் பயனில்லை. தளர்ந்த குழி புது ரிலேவையும் கருக்கிவிடும். சில கார்களில் மோதலின்போது பம்பை நிறுத்தும் ஸ்விட்ச் ஒன்றும் இருக்கும். பெரிய பள்ளத்தில் விழுந்தாலே அது விடுபட்டுவிடுவதுண்டு. அதன் தலையை அழுத்தினால் சரியாகிவிடும்.

இப்போது பம்பைத் தொடர்ந்து ஓடவிட வேண்டும். ரிலேவைக் கழற்றி, அதன் மேல் அச்சிட்டிருக்கும் 30, 87 என்ற எண்களைப் பார்த்து, அவற்றுக்குரிய குழிகளை ஃப்யூஸ் உள்ள ஜம்பர் ஒயரால் இணையுங்கள். 85, 86 குழிகளில் ஒயர் தவறிக்கூடப் படக் கூடாது. அவற்றில் ஒன்று கணினிப் பெட்டிக்குப் போகிறது.

பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே, டேங்க் மேலுள்ள கப்ளரை (ஒயர்களை இணைக்கும் பிளாஸ்டிக் கொக்கி) கழற்றாமல், அதன் பின்பக்கமாக மீட்டர் ஊசியை நுழைத்து வோல்ட்டேஜ் பாருங்கள். அதே நேரத்தில் பேட்டரியிலும் பாருங்கள். இரண்டுக்கும் இடையே அரை வோல்ட் வரை பொறுத்துக்கொள்ளலாம். ஒரு வோல்ட்டைத் தாண்டினால் அது எங்கே போகிறது என்று கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

கப்ளரைக் கழற்றி வைத்துக்கொண்டு அளப்பதுதான் நான் அடிக்கடி திருத்தும் தவறு. கழற்றிய கப்ளரில் மின்னோட்டம் இல்லை. ஒரே ஒரு இழையில் தொங்கும் ஒயரும் அங்கே முழு 12 வோல்ட்டைக் காட்டும். பம்ப் நான்கைந்து ஆம்பியர் இழுக்கும்போதுதான் அந்த ஒயரின் பலவீனம் தெரியும்.

சென்ற ஆண்டு ஒரு தம்பி, இரண்டாவது பம்பையும் மாற்றிவிட்டுக் கண்கலங்காத குறையாக வந்தார். மஞ்சக்குப்பத்தில் வாடகைக்கு ஓட்டும் வண்டி. அது நின்றால் அவருக்கு அன்றைய வருமானம் இல்லை. "அண்ணா, கப்ளரில் 12 வோல்ட் இருக்கிறது, நானே பார்த்தேன்" என்றார். பம்ப் ஓடும்போது அளந்தோம். பேட்டரியில் 12.4, பம்பில் 9.7. மீட்டரின் ஒரு ஊசியைப் பேட்டரியின் நெகட்டிவிலும் மற்றதைப் பம்பின் எர்த் ஒயரிலும் வைத்தபோது 2.3 வோல்ட் காட்டியது. பாடியில் எர்த் ஒயர் முடியும் வளையம் பச்சைத்தூளாகப் பொரிந்திருந்தது. பாடியைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, புது வளையம் அழுத்திப் பொருத்தி, மேலே பெட்ரோலியம் ஜெல்லி தடவினோம். இரண்டு பம்ப் வாங்கியும் தீராத கோளாறு அரை மணி நேரத்தில் தீர்ந்தது. அவர் முதலில் கழற்றி வைத்திருந்த பழைய பம்பைப் பிறகு தனியே ஓட்டிப் பார்த்தேன். அதில் ஒரு குறையும் இல்லை.

வோல்ட்டேஜ் குறைந்தால் மோட்டாரின் வேகம் குறைகிறது. வேகம் குறைந்தால் அது தள்ளும் பெட்ரோலும் குறைகிறது. ஆனால் ஐட்லிங்கில் அழுத்த கேஜ் நல்ல எண்ணையே காட்டிக்கொண்டிருக்கும். கேஜை எடுப்பதற்கு முன்பே மீட்டரை எடுக்கச் சொல்வது இதனால்தான்.

5. அழுத்தத்தை இறக்கிவிட்டு கேஜ் பொருத்துங்கள்

ஜம்பர் ஒயரை எடுத்துவிட்டு ரிலேவைத் திரும்பப் போடுங்கள். பம்பின் ஃப்யூஸைப் பிடுங்கிவிட்டு இஞ்சினை ஓட்டுங்கள். குழாயில் உள்ள பெட்ரோல் தீர்ந்ததும் அது தானே நிற்கும். மேலும் மூன்று விநாடி செல்ஃப் அடியுங்கள். பிறகு பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பெட்ரோல் மூடியைத் திறந்து டேங்கிற்குள் சேர்ந்த ஆவியை வெளியேற்றுங்கள். இவ்வளவு செய்த பிறகும் இணைப்பைத் துணியால் மூடியபடிதான் தளர்த்த வேண்டும். கொஞ்சம் பெட்ரோல் எப்படியும் வரும். சூடான சைலன்சர் குழாய் மேல் அது விழக் கூடாது. இஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும்.

நம் ஊரில் ஓடும் பழைய கார்கள் பலவற்றில், கேஜ் மாட்டுவதற்கென்று ரெயிலில் (இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பிரித்துக் கொடுக்கும் குழாய்) தனி வாய் இருக்காது. ஃபில்டருக்கும் ரெயிலுக்கும் இடையிலுள்ள ஹோஸில் டி துண்டைப் பொருத்துங்கள். ஃபில்டருக்குப் பிறகு அளப்பதுதான் முக்கியம், ஏனென்றால் இன்ஜெக்டருக்குக் கிடைப்பது அந்த அழுத்தம்தான்.

ஃப்யூஸையும் பேட்டரியையும் திரும்ப இணைத்து, சாவியைத் திருப்பி, எல்லா இணைப்பும் உலர்ந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே செல்ஃப் அடியுங்கள்.

6. கேஜ் சொல்வதைப் படிக்கும் முறை

சாவி ஆன் செய்ததும் முள் எழ வேண்டும். ஐட்லிங்கில் ஒரு எண்ணில் நிலைக்க வேண்டும். ரெயிலில் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரும் டேங்கிற்குத் திரும்பும் குழாயும் உள்ள வண்டியில், இஞ்சினின் உறிஞ்சுவிசையை ரெகுலேட்டருக்குக் கொண்டுவரும் வேக்குவம் குழாயைப் பிடுங்கினால் முள் ஏறக்குறைய அரை பார் உயர வேண்டும், உதாரணமாக 2.5 இருந்தது 3 ஆக வேண்டும். உயரவில்லை என்றால் ரெகுலேட்டர் சிக்கியிருக்கிறது, அல்லது வேக்குவமே வந்துசேரவில்லை. பிடுங்கிய குழாயில் பெட்ரோல் ஈரமோ வாடையோ இருந்தால் ரெகுலேட்டரின் உள்சவ்வு கிழிந்துவிட்டது. மேற்கொண்டு சோதனை வேண்டாம், மாற்றிவிடுங்கள்.

திரும்பும் குழாய் இல்லாத, ரெகுலேட்டர் டேங்கிற்குள்ளேயே உள்ள வண்டிகளில் இந்த வேக்குவம் சோதனை கிடையாது. அங்கே முள் எப்போதும் ஒரே எண்ணில் நிற்க வேண்டும்.

அழுத்தம் குறைவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பம்பா, ரெகுலேட்டரா என்று எப்படிப் பிரிப்பது? திரும்பும் ரப்பர் ஹோஸைப் பிடிப்பானால் இரண்டு விநாடி மட்டும் நெரியுங்கள். முள் சட்டென்று 5 பாரை நோக்கிப் பாய்ந்தால் பம்புக்கு வலு இருக்கிறது. ரெகுலேட்டர்தான் பெட்ரோலைத் தாராளமாகத் திருப்பி அனுப்பிக்கொண்டிருக்கிறது. நெரித்தும் முள் எழவில்லை என்றால் தவறு டேங்க் பக்கம். இரண்டு விநாடிக்கு மேல் நெரித்து வைத்தால் நல்ல பம்பும் பழைய ஹோஸும் சேர்ந்து கெடும். நைலான் குழாயை ஒருபோதும் நெரிக்காதீர்கள். மடிந்த இடத்தில் விரிசல் விடும்.

இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. நெரிக்கும்போது ஓட்டம் நின்றுவிடுகிறது. ஓட்டம் நின்றால் ஃபில்டர் அடைப்பும் மறைந்துவிடும். அடைத்த ஃபில்டரின் இரு பக்கமும் அழுத்தம் சமமாகிவிடும். ஆகவே நெரித்தபோது நல்ல எண் வந்ததை வைத்து ஃபில்டரை விடுவித்துவிடாதீர்கள். அதைப் பிடிக்க 8-ஆம் படி இருக்கிறது.

7. நின்ற பிறகு எவ்வளவு நேரம் தாங்குகிறது

இஞ்சினை அணைத்துவிட்டு முள்ளைப் பாருங்கள். சூடான இஞ்சினில் முதலில் சற்று உயரக்கூடும். ரெயிலில் உள்ள பெட்ரோல் சூடேறி விரிவதால் அப்படி ஆகிறது. பிறகு மெதுவாக இறங்கலாம். ஐந்து நிமிடத்தில் அரை பாருக்கு மேல் விழுந்தால் நான் தேடத் தொடங்கிவிடுவேன். கையேடு வேறு அளவு சொன்னால் கையேட்டையே பின்பற்றுங்கள்.

கசியக்கூடிய வழிகள் மூன்று. பம்பின் வாயில் உள்ள ஒருவழி வால்வு வழியாக டேங்கிற்குத் திரும்பலாம். ரெகுலேட்டர் வழியாகத் திரும்பலாம். இன்ஜெக்டர் நுனியில் சொட்டி இஞ்சினுக்குள் போகலாம்.

மறுபடியும் அழுத்தம் ஏற்றி, அணைத்தவுடன் கேஜுக்கும் டேங்கிற்கும் இடையே பம்பிலிருந்து வரும் ஹோஸை நெரியுங்கள். முள் நின்றால் குற்றம் பம்பின் வால்வில். நிற்காவிட்டால் அதை விட்டுவிட்டு, மறுபடி ஏற்றி, திரும்பும் ஹோஸை நெரியுங்கள். இப்போது நின்றால் ரெகுலேட்டர். இரண்டையும் சேர்த்து நெரித்தும் இறங்கினால் இன்ஜெக்டர். அப்போது பிளக்குகளைக் கழற்றிப் பாருங்கள். சொட்டும் இன்ஜெக்டருக்குரிய பிளக் கறுத்து ஈரமாக இருக்கும்.

டேங்கிற்குள் உள்ள ஹோஸில் கசிவு இருந்தாலும் வால்வு கெட்டதைப்போலவே முள் நடந்துகொள்ளும். எனவே "வால்வு போய்விட்டது" என்று பம்பை வாங்கும் முன் டேங்கைத் திறந்து பார்க்க வேண்டும்.

8. ஓட்டத்தை லிட்டரில் அளங்கள்

அழுத்தம் சரியாக இருந்தும் வண்டி இழுக்காவிட்டால் இந்தச் சோதனை. மறுபடி அழுத்தத்தை இறக்கிவிட்டு, திரும்பும் ஹோஸைக் கழற்றி, நீளமான ஹோஸ் ஒன்றை இணைத்து அளவுக்கலனுக்குள் விடுங்கள். கலன் தரையில் இருக்கட்டும், கையில் பிடிக்காதீர்கள். ஜம்பர் ஒயரால் பம்பைச் சரியாக 30 விநாடி ஓட்டுங்கள். சிறிய கார்களில் அரை லிட்டரை ஒட்டி வர வேண்டும். துல்லியமான எண் கையேட்டில் இருக்கும்.

கால் லிட்டர்தான் வருகிறதென்றால், டி துண்டை ஃபில்டருக்கு முன்னால் மாற்றி, பெட்ரோல் ஓடிக்கொண்டிருக்கும்போதே அழுத்தம் பாருங்கள். முன்னால் 3-க்கு மேலும் பின்னால் 2-ம் காட்டினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது. இரண்டு பக்கமும் குறைவென்றால் சல்லடை, டேங்க் ஹோஸ் அல்லது பம்ப்.

வந்த பெட்ரோலைக் கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றிப் பத்து நிமிடம் அசையாமல் வையுங்கள். அடியில் தனி அடுக்கு தெரிந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. துருத்தூள் படிந்தால் டேங்க் உள்ளே துருப்பிடித்திருக்கிறது.

9. ஃபில்டர்

மாற்றுவது எளிது. அம்புக்குறி இஞ்சின் பக்கம் பார்க்க வேண்டும். போல்ட் இணைப்பென்றால் பழைய செப்பு வாஷரைத் திரும்பப் போடாதீர்கள். ஒருமுறை நசுங்கிய செம்பு மறுமுறை அடைக்காது. கழற்றிய ஃபில்டரின் டேங்க் பக்க வாயை வெள்ளைத் தட்டில் கவிழ்த்துப் பாருங்கள். கறுப்போ பழுப்போ கொட்டினால் புது ஃபில்டரோடு வேலை முடியவில்லை. அது வந்த இடமான டேங்கைக் கழுவ வேண்டும்.

10. டேங்கைத் திறக்கும்போது

சில கார்களில் பின்னிருக்கைக்கு அடியில் மூடி இருக்கும். மற்றவற்றில் டேங்கையே இறக்க வேண்டும். எதுவானாலும் முதலில் பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பிறகு பம்ப் மூடியைச் சுற்றி உள்ள மண்ணை ஊதித் துடையுங்கள். திறந்தபின் விழும் ஒரு சிட்டிகை மண் நேராகச் சல்லடைக்குத்தான் போகும். பூட்டு வளையத்தை இரும்பு உளியால் தட்டாதீர்கள். பித்தளைத் துண்டும் மரச்சுத்தியலும் பயன்படுத்துங்கள். இரும்பில் இரும்பு பட்டால் பொறி பறக்கும்.

உள்ளே முதலில் பார்க்க வேண்டியது பம்பிலிருந்து மூடிக்குப் போகும் குட்டி ஹோஸ். அதில் வெடிப்பு இருந்தால் பம்ப் எவ்வளவு தள்ளினாலும் பெட்ரோல் டேங்கிற்குள்ளேயே சுற்றும். வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாது. இதை மாற்றும்போது பெட்ரோலுக்குள் மூழ்கியிருக்கத் தகுந்த ஹோஸ் வேண்டும். எஸ்ஏஇ ஜே30 ஆர்10 என்று குறித்திருக்கும். வெளியே போடும் இன்ஜெக்ஷன் ஹோஸ் ஆர்9 வகை. அது உட்பக்கம் மட்டும் பெட்ரோலைத் தாங்கும். மூழ்கவிட்டால் வெளிப்புறம் ஊறி வெடிக்கும். கார்புரேட்டர் வண்டிக்கு விற்கும் சாதாரண ஹோஸ் இரண்டு இடத்துக்கும் ஆகாது. பழைய வண்டிகளின் ரப்பர் பாகங்கள் இப்போது பெட்ரோல் பங்குகளில் வரும் 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோலை மனத்தில் வைத்துச் செய்யப்பட்டவை அல்ல என்பதால், இந்த இடத்தில் மலிவு பார்க்கவே கூடாது.

அடுத்தது சல்லடை. கறுத்து விறைத்திருந்தால் கழுவ முயலாமல் மாற்றுங்கள்.

பிறகு டேங்கின் அடியை விளக்கு அடித்துப் பாருங்கள், பொறி எழாத எல்இடி விளக்காக இருக்கட்டும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அடுத்த நாள்களில் தென்பெண்ணை வெள்ளம் கடலூரின் புறநகர்களுக்குள் புகுந்தது. தண்ணீரில் நின்ற வண்டிகள் அதன்பின் பல மாதம் டேங்கில் தண்ணீர் சேர்ந்த குறையோடு வந்துகொண்டிருந்தன. எத்தனால் தண்ணீரை ஈர்க்கும். ஓரளவுக்கு மேல் தண்ணீர் சேர்ந்தால் இரண்டும் ஒன்றுகூடிப் பெட்ரோலிலிருந்து பிரிந்து அடியில் தங்கும். பம்ப் உறிஞ்சுவது அந்த அடியிலிருந்துதான். இதற்கு மருந்து ஊற்றிச் சரிசெய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். டேங்கை முழுவதும் வடித்து, துடைத்து, உலர்த்தி, புதுப் பெட்ரோல் ஊற்றுவதே வழி.

மேலே சொன்ன எதுவும் இல்லை, பம்பில் வோல்ட்டேஜ் சரி, நெரித்தாலும் முள் எழவில்லை என்ற நிலை வந்தால், இப்போது பம்பை மாற்றுங்கள். சல்லடை, உள் ஹோஸ், கிளிப், மூடியின் ரப்பர் வளையம் நான்கையும் சேர்த்தே மாற்ற வேண்டும். பெட்ரோலில் ஊறிப் பெருத்த பழைய வளையம் மறுபடி குழியில் உட்காராது.

கடலூர்க்காரர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். புதுச்சேரியில் பெட்ரோல் விலை குறைவு என்பதால், முள் கடைசிக் கோட்டைத் தொட்டாலும் எல்லையிலுள்ள முள்ளோடை தாண்டி நிரப்பிக்கொள்ளலாம் என்று ஓட்டுகிற பழக்கம் இங்கே நிறைய. டேங்கிற்குள் உள்ள பம்பைக் குளிர்விப்பது அதைச் சுற்றியுள்ள பெட்ரோலும் அதன் ஊடே ஓடும் பெட்ரோலுமே. மே மாத வெயிலில் அடிமட்டத்தில் ஓட்டினால் மோட்டார் சூடேறித் தேய்கிறது. அடியில் உள்ள கசடும் தண்ணீரும் நேராக உள்ளே போகின்றன. கால் டேங்கிற்குக் கீழே இறங்கவிடாமல் போய் நிரப்புங்கள். லிட்டருக்குச் சேமிக்கும் சில ரூபாய்க்காகப் பம்பைப் பலிகொடுக்க வேண்டியதில்லை.

11. ரெகுலேட்டர், இன்ஜெக்டர்

ரெகுலேட்டர் இரண்டு போல்ட் அல்லது ஒரு பூட்டுக் கிளிப்பில் நிற்கும். புதிய ஓ-ரிங்கில் சுத்தமான இஞ்சின் ஆயில் ஒரு சொட்டுத் தடவிப் பொருத்துங்கள். உலர்வாக அழுத்தினால் வளையம் அறுந்து, அதுவே புதுக் கசிவாகும்.

சொட்டும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யும் கருவியுள்ள இடத்துக்கு அனுப்புங்கள். கம்பியோ ஊசியோ கொண்டு நுனியைக் குத்தினால் அது திரும்பிச் சரியாகாது. சுத்தம் செய்தும் சொட்டினால் மாற்ற வேண்டியதுதான்.

12. பூட்டிய பிறகு

எல்லாவற்றையும் பூட்டியதும் நேராகச் செல்ஃப் அடிக்காதீர்கள். சாவியை நான்கைந்து முறை ஆன் செய்து அணைத்துக் குழாயிலுள்ள காற்றை வெளியேற்றுங்கள். ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த வெள்ளைத் தாளால் ஒற்றிப் பாருங்கள். ஈரம் விரலுக்குத் தெரியாவிட்டாலும் தாளில் தெரியும். பிறகு ஓட்டி, மறுபடி ஒற்றிப் பாருங்கள்.

கேஜை உடனே கழற்றிவிட வேண்டாம். நீண்ட ஹோஸ் உள்ள கேஜ் என்றால் பானட்டின் விளிம்பு வழியாக வெளியே எடுத்து, முன்கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஒட்டிக் கட்டுங்கள். பெட்ரோல் உள்ள ஹோஸைக் காருக்குள் கொண்டுவரக் கூடாது. துணைக்கு ஒருவரை உட்காரவைத்து அவரை முள்ளைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓட்டுபவரின் கண் சாலையில் இருக்கட்டும். நம் பக்கம் மேடு கிடையாது. ஆகவே ஏசியைப் போட்டு, போக்குவரத்து இல்லாத நேரத்தில், மூன்றாம் கியரில் ஆக்சிலரேட்டரை முழுவதும் மிதித்து வேகம் ஏற்றுங்கள். வேக்குவம் குழாய் உள்ள வண்டியில் அப்போது முள் ஐட்லிங் எண்ணைவிட உயர்ந்து நிற்க வேண்டும். மிதிக்க மிதிக்கக் கீழே இறங்கினால் ஓட்டம் இன்னும் போதவில்லை. 8-ஆம் படிக்குத் திரும்புங்கள். முள் அசையாமல் நின்றும் வண்டி வெட்டினால், பிளக்கையும் காயிலையும் பார்க்க வேண்டும். பெட்ரோல் பக்கம் இனிக் கைவைக்காதீர்கள்.

வண்டியை உரியவரிடம் அன்று மாலையே கொடுக்காமல் ஓர் இரவு நிறுத்தி வையுங்கள். காலையில் சாவியை ஒருமுறை திருப்பி, முதல் செல்ஃபிலேயே கிளம்புகிறதா என்று பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் தரையையும், பின்னிருக்கைப் பக்கம் வாடையையும் பாருங்கள். மூன்று நாள் கழித்து ஒருமுறை கொண்டுவரச் சொல்லி, புது ஹோஸ்களின் கிளிப்புகளை மீண்டும் இறுக்குங்கள். புது ரப்பர் சூட்டில் அமுங்கி, கிளிப் சற்றே தளர்ந்திருக்கும்.